சிவக்கக் காய்ச்சிய தகடு ஏன் வலுவிழந்தது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். டிப்பர் லாரிப் பெட்டி கட்டுவதற்காக 450 மெகாபாஸ்கல் யீல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) உள்ள தகடு வாங்கினீர்கள். ஆலைச் சான்றிதழில் கார்பன் 0.06 சதவீதம், மாங்கனீஸ் 1.2, சிலிக்கன் 0.2, நியோபியம் என்ற உலோகம் 0.04 என்று இருக்கிறது. உங்கள் பட்டறை வளைப்பு இயந்திரம் திணறியதால் மூலைகளை கேஸ் டார்ச்சால் செக்கச் சிவக்கக் காய்ச்சி வளைத்து, காற்றில் ஆறவிட்டீர்கள். இப்போது அந்த இடங்கள் மட்டும் சாதாரணத் தகடு போல அமுங்குகின்றன. 'தண்ணீரில் தோய்த்துக் கடினப்படுத்திய எஃகும் இல்லை, கார்பனும் பேருக்குத்தான் இருக்கிறது. அப்படியிருக்க, காய்ச்சியதால் எது கெட்டது? அந்த 0.04 சதவீதம் எங்கே போனது?' என்கிறீர்கள். கேள்வி சூட்டைப் பற்றியது போலத் தெரிந்தாலும், இந்த வகை எஃகின் வலிமை எதில் குடியிருக்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. சூட்டு உருட்டாலையின் தரச் சோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே எஃகோடு வாழ்ந்தவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியோபியம் எங்கும் போகவில்லை. வளைத்த மூலையை வெட்டிப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் அதே 0.04தான் வரும். மாறியது அதன் அளவு அன்று, அது இருக்கும் விதம். உருட்டாலையிலிருந்து வந்தபோது அது கார்பனோடு சேர்ந்து, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத, சில நானோமீட்டர் அகலமே உள்ள வீழ்படிவுகளாக (கரைந்திருந்தது பிரிந்து படிந்த துகள்களாக) தகடு முழுவதும் சிதறிக் கிடந்தது. உங்கள் டார்ச் அந்தப் பொடித் துகள்களைக் குறைந்த எண்ணிக்கையிலான பெரிய துகள்களாக்கிவிட்டது. அதோடு, உருட்டும்போது அரும்பாடுபட்டுச் சிறிதாக்கிய படிக மணிகளையும் (எஃகுக்குள் நெருங்கி அடுக்கியிருக்கும் நுண்ணிய படிகங்களையும்) கலைத்துவிட்டது. இதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

உலோகம் வளைவது எப்படி என்பதிலிருந்து தொடங்க வேண்டும். படிகத்துக்குள் அணுக்களின் வரிசை ஒழுங்கு பிசகிய கோடுகள் உண்டு. பிறழ்வுக் கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். விசை கொடுத்தால் இந்தக் கோடுகள்தான் நகர்கின்றன. அவை எளிதாக நகர்ந்தால் உலோகம் எளிதாக வளைகிறது. எஃகை வலுப்படுத்தும் எல்லா வழிகளும் கடைசியில் இந்தக் கோடுகளின் பாதையை மறிக்கும் வழிகள்தான். மணிகள் சிறிதானால் அவற்றின் எல்லைகளே அடிக்கடி குறுக்கே நின்று மறிக்கும்; துகள்கள் மறிப்பது வேறு விதம். ஒரு கயிற்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும்போது குறுக்கே முளைக்குச்சிகள் அடித்திருந்தால் என்ன ஆகும்? கயிறு ஒவ்வொரு முளையிலும் மாட்டி, இரண்டு முளைகளுக்கு நடுவே வில்லாகப் பிதுங்கும். முளைகள் நெருங்க நெருங்கப் பிதுக்கம் கூர்மையாகும், இழுக்கும் விசையும் கூடும். வில் முழு வட்டத்தை நெருங்கும்போது, முளைக்குப் பின்னால் கயிற்றின் இரு பக்கங்களும் சந்தித்து ஒட்டிக்கொண்டு, முளையைச் சுற்றி ஒரு வளையத்தை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஒட்டிக்கொள்வது உண்மையான கயிற்றுக்கு இயலாத வித்தை. பிறழ்வுக் கோடு அதைச் செய்யும். இயற்பியலாளர் எகான் ஓரோவன் 1948இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் அசையாமல் நிற்கிறது. இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்று: முளை எவ்வளவு பெரியது என்பதைவிட அடுத்த முளை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முக்கியம்.

இப்போது உங்கள் தகட்டுக்குக் கணக்குப் போடலாம். 0.04 சதவீத நியோபியம் முழுவதும் கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற சேர்மமாக மாறினால், தகட்டின் கன அளவில் பத்தாயிரத்தில் நாலரைப் பங்கு தேறும். இதை 4 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்களாக உடைத்தால், ஒரு கன மைக்ரோமீட்டருக்குள் ஏறத்தாழ 13,000 துகள்கள் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 40 நானோமீட்டர் அளவு. அதே நியோபியத்தை 100 நானோமீட்டர் துகள்களாகத் திரட்டினால், அதே இடத்தில் ஒரு துகள்கூட முழுதாகத் தேறாது. ஓரோவன் விளக்கத்திலிருந்து ஆஷ்பி என்ற ஆய்வாளர் வருவித்த சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டுப் பார்த்தால், 4 நானோமீட்டர் துகள்கள் யீல்டு வலிமையில் 105 மெகாபாஸ்கல் அளவுக்குச் சேர்க்கின்றன. 20 நானோமீட்டர் துகள்கள் 40. 100 நானோமீட்டர் துகள்கள் 12 மட்டுமே. சான்றிதழில் மூன்றுக்கும் ஒரே 0.04தான் அச்சாகியிருக்கும். எங்கள் துறைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

அப்படியென்றால் துகள் எப்போது பிறந்தால் சிறிதாக இருக்கும்? சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது நிறையச் சர்க்கரை கரையும்; ஆறும்போது தாங்க முடியாமல் வெளியே தள்ளும். அசைக்காமல் நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு வளரும். கிளறிக்கொண்டே வேகமாக ஆற்றினால் பொடியாகப் பூத்துவிடும். எஃகிலும் இதேதான். உருட்டுவதற்கு முன் ஸ்லாப்பை (தடித்த எஃகுப் பாளத்தை) மறுசூட்டு உலையில் காய்ச்சும்போது நியோபியமும் கார்பனும் இரும்புக்குள் கரைந்துவிட வேண்டும். எந்த வெப்பநிலையில் முழுதாகக் கரையும் என்பதற்கு இர்வின் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் தந்த கரைதிறன் சமன்பாட்டை ஆலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. அதன்படி உங்கள் தகட்டின் சேர்மானத்துக்கு ஏறத்தாழ 1,120 டிகிரி செல்சியஸ் போதும். ஆலைகள் 1,200 டிகிரியை ஒட்டிக் காய்ச்சுவதால் கரைவதில் சிக்கல் இல்லை. கார்பன் 0.20 சதவீதமாக இருந்திருந்தால் அதே நியோபியம் கரைய 1,280 டிகிரி வேண்டியிருக்கும். அவ்வளவு சூட்டில் மணிகள் கொழுத்துவிடும், மேற்பரப்பில் ஆக்சைடுச் செதிலும் ஏராளமாக உதிரும். குறைந்த கார்பன் எஃகோடு நியோபியம் இவ்வளவு பொருந்திப் போவதற்குக் காரணம் இதுதான். கார்பன் மிகக் குறைவு என்று நீங்கள் ஐயப்பட்டீர்கள். 0.04 சதவீத நியோபியத்தோடு சேரத் தேவையான கார்பன் 0.005 சதவீதம்தான்; உங்களிடம் அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு இருக்கிறது.

கரைந்த நியோபியம் வெளியே வருவதற்கு உருட்டாலையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, 1,050 டிகிரியிலிருந்து 850 டிகிரிக்குள் உருளைகள் தகட்டை நசுக்கும் கட்டம். இரும்பு அப்போது ஆஸ்டினைட் என்ற, உயர்ந்த சூட்டில் இருக்கும் படிக வடிவத்தில் இருக்கிறது. 900 டிகிரியில் கணக்குப்படி 0.005 சதவீத நியோபியம்தான் கரைந்திருக்க முடியும். மிச்சமெல்லாம் வெளியே வரத் துடிக்கிறது. ஆனாலும் உருட்டாமல் விட்டால் நெடுநேரம் வராது. நசுக்கும்போது உண்டாகும் பிறழ்வுக் கோடுகள்தான் அதற்குப் பிறக்க இடம் கொடுக்கின்றன. இவை 10, 20 நானோமீட்டர் வரை வளர்ந்துவிடும் என்பதால் நேரடியாக வலுவூட்டுவதில் இவற்றின் பங்கு குறைவு. இவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. நசுங்கிய மணிகள் மறுபடி உருண்டு திரளாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் மணிகள் தோசைபோலத் தட்டையாகவே இருந்து, ஆறும்போது இரும்பு ஃபெரைட் என்ற, தாழ்ந்த சூட்டில் இருக்கும் படிக வடிவமாக மாறும்போது ஏராளமான பொடி மணிகளாக உடைகின்றன. இரண்டாவது கட்டம், ஆஸ்டினைட் ஃபெரைட்டாக மாறும் அந்த எல்லைக்கோடு நகரும்போதே, அதன் தடத்தில் வரிசை வரிசையாகத் துகள்கள் படிவது. 1960களின் இறுதியில் டேவன்போர்ட்டும் பெர்ரியும் ஹனிகோம்பும் இதைத் தெளிவாக விவரித்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சரியான கோணத்தில் பார்த்தால், நாற்று நட்ட வயல்போல வரிசைகள் தெரியும். மூன்றாவது, தகட்டைச் சுருளாகச் சுற்றி வைத்த பிறகு, 600 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் ஆறும்போது ஃபெரைட்டுக்குள் பிறப்பவை. 4 நானோமீட்டர் துகள்கள் கிடைப்பது கடைசி இரண்டு கட்டங்களில்தான்.

இந்தக் கடைசிக் கட்டம் எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு முறை கையாலேயே தொட்டுப் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு மழைக்கால இரவில், குளிர்விக்கும் தண்ணீரின் வால்வு ஒன்று கோளாறாகி, 600 டிகிரியில் சுற்ற வேண்டிய சுருள் 500க்கும் கீழே இறங்கிவிட்டது. சேர்மானத்தில் எள்ளளவும் குறையில்லை. காலையில் இழுவைச் சோதனை செய்தால், யீல்டு வலிமை வாடிக்கையாளர் கேட்டதற்குக் கீழே நிற்கிறது. கரைசலில் இருந்த நியோபியம் வெளியே வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே உறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மிச்சமிருந்த சோதனைத் துண்டு ஒன்றைச் சிறிய உலையில் 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தோம். அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு இழுத்தபோது யீல்டு 50 மெகாபாஸ்கல் அளவுக்கு ஏறியிருந்தது. காய்ச்சினால் எஃகு மிருதுவாகும் என்றே பழகிய சோதனைக்கூட உதவியாளர் அந்த வரைபடத்தை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடு பட்டால் எப்போதும் வலிமை கெட்டுவிடும் என்பதில்லை. கரைசலில் இருப்பதை வெளியே கொண்டுவர மட்டும் போதுமான சூடு கூட்டுகிறது. வெளியே வந்ததைத் திரட்டும் அளவுக்கான சூடு கெடுக்கிறது.

நியோபியத்தைப் பற்றியே பேசுவதால், இதே வேலைக்குச் சேர்க்கப்படும் டைட்டானியம், வனேடியம் ஆகிய மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. டைட்டானியம் நைட்ரஜனை எங்கு கண்டாலும் பற்றிக்கொள்ளும். டைட்டானியம் நைட்ரைடு மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே பிறந்துவிடும், பிறகு எளிதில் கரையாது. பொடியாக இருந்தால் மறுசூட்டு உலையிலும் வெல்டிங் பக்கத்திலும் மணிகள் கொழுக்காமல் காக்கும், அதற்கு 0.01 முதல் 0.02 சதவீதம் போதும். அளவு மிஞ்சினால், எஃகு உறைவதற்கு முன்பே பெரிய கட்டிகளாகிவிடும். மெருகேற்றிய மாதிரியை அமிலத்தில் தோய்க்காமலேயே சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால், வெளிர் சாம்பல் பரப்பில் தங்க ஆரஞ்சு நிறத்தில், கத்தியால் வெட்டினாற்போல் மூலைகள் கொண்ட சிறு சதுரங்கள் தெரியும். பார்க்க அழகு, விரிசல் தொடங்குவதும் அங்கேதான். வனேடியம் இதற்கு நேர் எதிர்: ஆஸ்டினைட்டில் எளிதாகக் கரைந்து, ஃபெரைட் பிறக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்கும். அதனால் கார்பன் கூடிய கம்பிகளிலும், மின்வில் உலையில் உருக்கி நைட்ரஜன் கூடிய எஃகிலும் அதற்கே முதலிடம்.

டைட்டானியத்தையும் மாலிப்டினத்தையும் சேர்த்து, துகள்களை மூன்று நானோமீட்டர் அளவிலேயே நிறுத்திக் காட்டியது ஜப்பானின் ஜேஎஃப்இ நிறுவனம். 2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், 0.04 சதவீத கார்பனே உள்ள சூட்டு உருட்டல் தகடு 780 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமையைத் தொட்டது. அதில் துகள்களின் பங்கு மட்டும் 300 மெகாபாஸ்கல் அளவு என்று மதிப்பிட்டார்கள். செம்பும் இதே வேலையைச் செய்யும், அதற்குக் கார்பனே வேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களில் பயன்படும் எச்எஸ்எல்ஏ-80 தகட்டில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிச் செம்பு இருக்கிறது. தகட்டைத் தோய்த்த பிறகு மறுபடி காய்ச்சும்போது அது பொடித் துகள்களாகப் பூத்து வலுவூட்டுகிறது. கார்பன் குறைவு என்பதால், முன்பு கடினமான எஃகை வெல்டிங் செய்யும்முன் காய்ச்ச வேண்டியிருந்த வேலை பெருமளவு மிச்சமானது.

உங்கள் தகட்டுக்கு வருவோம். பிக்கரிங் என்ற உலோகவியலாளர் வழி வந்த பழைய சமன்பாட்டின்படி கூட்டிப் பார்த்தேன். வெறும் இரும்பும் அதில் கரைந்த மாங்கனீஸும் சிலிக்கனும் சேர்ந்து 110 மெகாபாஸ்கல், 5 மைக்ரோமீட்டர் மணிகள் தருவது 245, துகள்கள் 105, ஆக 460. உங்கள் சான்றிதழோடு ஒத்துப்போகிறது. டார்ச் பட்ட இடத்தில் எஃகு மறுபடி ஆஸ்டினைட்டாகி, உருட்டல் எதுவும் இல்லாமல் ஆறி, மணிகள் 12 மைக்ரோமீட்டராகவும் துகள்கள் 20 நானோமீட்டராகவும் ஆகியிருந்தால், 110, 160, 40, ஆக 310 மட்டுமே மிஞ்சும். அதாவது உங்கள் விலையுயர்ந்த தகடு அந்த மூலையில் மட்டும் சாதாரணத் தகட்டை நெருங்கிவிட்டது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். துகள் திரண்டால் வலிமை குறையும், மணி கொழுத்தால் வலிமை குறையும், 900 டிகிரிக் காய்ச்சலும் காற்றில் ஆறுவதும் உருட்டாலையின் பலனைத் திருப்பித் தராது: இவை உறுதி. 12 மைக்ரோமீட்டர், 20 நானோமீட்டர் என்ற எண்கள் என் ஊகம். எத்தனை நிமிடம், எவ்வளவு சூட்டில் காய்ச்சினீர்கள் என்பதைப் பொறுத்து அவை மாறும். பங்குகளை நேரடியாகக் கூட்டலாமா என்பதிலும் துறைக்குள் ஒருமித்த கருத்து இல்லை; பிறழ்வுக் கோடுகளின் பங்கையும் துகள்களின் பங்கையும் வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. நகரும் எல்லையில் துகள்கள் ஏன் வரிசையாகப் படிகின்றன என்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் போட்டியிடுகின்றன. மேலும், சில ஆலைகள் இதே தரத்தைத் தாழ்ந்த வெப்பநிலையில் சுற்றி, பெய்னைட் என்ற வேறு அமைப்பின் துணையோடு எட்டுகின்றன. உங்கள் தகடு அந்த வகையா என்பதை ஒரு துண்டை மெருகேற்றிப் பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த வகையாக இருந்தாலும் செக்கச் சிவந்த காய்ச்சலுக்குப் பிறகான முடிவு இதேதான்.

'மறுபடி சரிசெய்ய முடியுமா' என்றும் கேட்டிருந்தீர்கள். பட்டறையில் முடியாது. திரண்ட துகள்களைக் கரைக்க 1,120 டிகிரிக்கு மேல் வேண்டும். பிறகு உருட்ட வேண்டும். பிறகு அளந்து ஆற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றிப் பார்க்கலாம் என்ற யோசனை பட்டறைகளில் வழக்கமாக எழும். தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு குறைந்த கார்பனில் அது ஒழுங்கான கடினத்தைத் தராது, கோணலையும் உள்விசையையும்தான் தரும். இனி வரும் வேலைகளில் குளிர்ந்த நிலையிலேயே, ஆலை சொல்லும் குறைந்தபட்ச ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். இந்த எஃகு அதற்கென்றே குறைந்த கார்பனில் செய்யப்பட்டது. கோணல் எடுக்கக் காய்ச்சியே ஆக வேண்டுமென்றால், அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதித்தொகுப்பு தோய்த்துப் பதப்படுத்தாத எஃகுகளுக்கு 650 டிகிரியை மேல் வரம்பாக வைத்திருக்கிறது; நான் 600இல் நிறுத்தச் சொல்வேன். நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் தகடு சிவப்பது கண்ணுக்குத் தெரியும்போது வரம்பு பெரும்பாலும் தாண்டியிருக்கும். குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் கிரேயான் குச்சிகள் கடைகளில் கிடைக்கின்றன. 600 டிகிரிக் குச்சி ஒன்றை டார்ச்சுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வளைத்த மூலைகளை அப்படியே வண்டியில் ஏற்ற வேண்டாம். கையடக்கக் கடினச் சோதனைக் கருவியை வாடகைக்கு எடுத்து, காய்ச்சிய இடத்திலும் அதிலிருந்து ஓர் அடி தள்ளியும், செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டு, இடத்துக்கு ஐந்து முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் அந்த மூலைகளை வெட்டி மாற்றுங்கள். மாற்றவே முடியாத இடமானால், அங்கே 450 அல்ல, 250 மெகாபாஸ்கல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ற தாங்கு பட்டையைப் பின்னால் சேர்த்து வெல்டிங் செய்யுங்கள்.